ஊழிய அழைப்பா, என் ஆசையா? கொஞ்சம் சொல்லுங்கள்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ராயபுரத்தில் இருக்கிறேன், வயது 26, துறைமுகம் பக்கம் கண்டெய்னர் கணக்கு எழுதும் வேலை. போன மாதம் வாலிபர் கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் பாஸ்டர் தோளில் கை வைத்து, "தம்பி, உன்மேல் ஊழிய அழைப்பு இருக்கிறது", அதாவது சபைப் பணிக்குக் கடவுளே உன்னைக் கூப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து தூக்கமே சரியாக இல்லை.

பைபிளில் கடவுள் கூப்பிட்டபோது சாமுவேலே மூன்று தடவை ஆசாரியர் ஏலிதான் கூப்பிடுகிறார் என்று நினைத்து ஓடினான், எரேமியா நான் சிறுபிள்ளை என்றான், மோசே எனக்குப் பேச வராது என்றார், அதனால் பயம் தப்பில்லை என்று புரிகிறது. ஆனால் எனக்குப் பயம் மட்டும் இல்லை, மைக் பிடிக்க ஆசையும் இருக்கிறது. அதுதான் உறுத்துகிறது.

வீட்டில் அம்மா எதுவும் பேசவில்லை, தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய கடன் நோட்டை எடுத்து டிவி மேல் வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

முழுநேர ஊழியத்தில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்: அழைப்பை எப்படி உறுதி செய்தீர்கள்? பவுல் கூடாரம் தைத்துக்கொண்டே ஊழியம் செய்த மாதிரி வேலையை விடாமல் தொடங்கலாமா? அப்புறம், கீழ்ப்பாக்கம் குருகுல் இறையியல் கல்லூரியில் செராம்பூர் பி.டி. (இறையியல் பட்டம்) படித்தவர்கள் யாராவது இருந்தால், வேலைக்குப் போய்க்கொண்டே அதைப் படிக்க முடியுமா, குடும்பச் செலவை எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள். "ஜெபியுங்கள் பிரதர்" என்று மட்டும் போடாதீர்கள், ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.