புது மானிட்டரில் அணையாத பச்சைப் புள்ளி: டெட் பிக்சலா? திருப்பிக் கொடுக்கலாமா?

இரவுக்குறி:
வணக்கம். புதிதாக ஒரு 27 அங்குல மானிட்டர் வாங்கியிருக்கிறேன். ஐபிஎஸ் என்ற வகை எல்சிடி பேனல், 2560×1440 பிக்சல். நான் எப்போதும் கறுப்புப் பின்னணியில்தான் எழுதுவேன். திரையின் நடுவுக்குச் சற்று இடப்பக்கம் ஊசிமுனை அளவில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்துகொண்டே இருக்கிறது. வெள்ளைப் பக்கம் திறந்தால் அதைக் காணோம். கணினியை அணைத்துப் போட்டேன், கேபிளை மாற்றினேன், புள்ளி அங்கேயேதான் இருக்கிறது.

சர்வீஸ் எண்ணுக்குக் கூப்பிட்டால் "அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள்தான் இருக்கு, வாரண்டியில் வராது" என்கிறார்கள். புதுப் பொருளில் குறையோடு வருவதற்கு யார் அனுமதி கொடுத்தது என்று புரியவில்லை. கூட வேலை பார்ப்பவர் ஒருவர் துணியை வைத்து அந்த இடத்தை அழுத்தச் சொல்கிறார். செய்யலாமா? வாங்கிய கடையில் ரிட்டர்ன் கெடு இன்னும் முடியவில்லை.

திரைக்கண்:
எதையும் அழுத்தாதீங்க. கெடு இருக்கும்போது பேனலில் உங்க கை பட்ட அடையாளம் எதுவும் வரக்கூடாது.

முதல்ல அது என்னன்னு உறுதி பண்ணுங்க. மைக்ரோஃபைபர் துணியால் திரையை லேசாத் துடைச்சிட்டு, கேபிளைக் கழற்றி "சிக்னல் இல்லை"ன்னு வரும்போது பாருங்க. அப்பவும் புள்ளி இருந்தா கணினி மேல தப்பில்லை, மானிட்டர்தான். இன்னொரு வழி: ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனில் திறந்து பாருங்க. படத்திலேயே புள்ளி விழுந்திருந்தா அது கிராஃபிக்ஸ் கார்டு அல்லது மென்பொருள் கோளாறு.

அடுத்து கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம்னு அஞ்சு நிறத்தில் வெறும் படங்கள் பெயிண்ட்டில் நீங்களே போட்டு, ஒவ்வொன்னா முழுத்திரையில் திறங்க. அந்தப் புள்ளி ஒவ்வொரு நிறத்திலும் எப்படித் தெரியுதுன்னு எழுதுங்க.

இரவுக்குறி:
பார்த்துவிட்டேன் அண்ணா. கேபிள் இல்லாமலும் புள்ளி தெரிகிறது. ஸ்கிரீன்ஷாட்டில் இல்லை. கறுப்பில் பச்சை. சிவப்பில் மஞ்சள். நீலத்தில் ஒரு வெளிர்நீலம், பச்சை கலந்த மாதிரி. பச்சையிலும் வெள்ளையிலும் தெரியவே இல்லை.

திரைக்கண்:
அப்போ சந்தேகமே இல்லை. ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு சின்னத் துணைப்பிக்சல் இருக்கு. உங்க திரையில் ஒரு பிக்சலோட பச்சைத் துணைப்பிக்சல் மட்டும் அணையாம நிக்குது. சிவப்போட பச்சை சேர்ந்தா மஞ்சள், நீலத்தோட பச்சை சேர்ந்தா சயான். பச்சையிலும் வெள்ளையிலும் அது எரிய வேண்டிய நேரம்தான், அதனால வித்தியாசம் தெரியலை. இதைத்தான் ஸ்டக் பிக்சல்னு சொல்றாங்க. டெட் பிக்சல் வேற. அது எந்த நிறத்திலும் எரியாது, வெள்ளையில் கரும்புள்ளியாத் தெரியும். கறுப்புத் திரையில் வெள்ளையாத் தெரிஞ்சா மூணு துணைப்பிக்சலும் சேர்ந்து எரியுதுன்னு அர்த்தம்.

உங்க திரையில் 36,86,400 பிக்சல். ஒவ்வொன்னுக்கும் மூணு துணைப்பிக்சல், ஆக 1,10,59,200. ஒவ்வொரு துணைப்பிக்சலுக்கும் கண்ணாடி மேல படிய வச்ச மெல்லிய டிரான்சிஸ்டர் ஒண்ணு. அதுல ஒண்ணு கெட்டா அந்த ஒரு துணைப்பிக்சல் கட்டுப்பாட்டை இழக்கும். பேனல் வகையைப் பொறுத்து விளைவு மாறும். ஐபிஎஸ், விஏ ரெண்டிலும் மின்னழுத்தம் போகாட்டி ஒளி தடுக்கப்படும். அதனால இணைப்பே அறுந்த துணைப்பிக்சல் இருட்டா நிக்கும். டிஎன் பேனலில் இது நேர்மாறு, மின்னழுத்தம் போகாட்டிதான் ஒளி கடந்து வரும். உங்களோடது ஐபிஎஸ், ஆனாலும் எரியுது. அப்படின்னா அங்க மின்னழுத்தம் போய்க்கிட்டேதான் இருக்கு.

பழையகுழாய்:
நான் அழுத்திச் சரி செய்திருக்கிறேன். என் பழைய மானிட்டரில் சிவப்புப் புள்ளி ஒன்று இருந்தது, ஈரத்துணியை மடித்து மெதுவாக அழுத்தியதும் போய்விட்டது. அழுத்தவே கூடாது என்று சொல்வது சரியில்லை.

திரைக்கண்:
போயிருக்கும், நான் மறுக்கலை. சில ஸ்டக் பிக்சல் தானாவும் போகும், தானா திரும்பியும் வரும். ஆனா அழுத்தம் அந்த ஒரு துணைப்பிக்சல் மேல மட்டும் விழாது. விரல் நுனி அளவு இடத்தில் பல ஆயிரம் துணைப்பிக்சல் இருக்கு. ரெண்டு கண்ணாடிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியே சில மைக்ரான்தான். கெட்ட ஒண்ணைச் சரி பண்ணப் போய் பக்கத்தில் நாலைக் கெடுத்தா அதுக்கு ரிட்டர்னும் கிடையாது, வாரண்டியும் கிடையாது. வாரண்டியெல்லாம் முடிஞ்சுபோன மானிட்டர்னா உங்க விருப்பம். தம்பியோடது புதுசு.

நிறங்களை வேகமா மாத்தி மின்ன வைக்கிற மென்பொருள்கள் இருக்கு, சின்னச் சதுரமா புள்ளி மேல இழுத்து வச்சிட்டு ஓட விடலாம். அதில் பேனலுக்குப் பாதிப்பு கிடையாது. பலிக்கும்னு உத்தரவாதமும் கிடையாது. முக்கியமா ஒண்ணு: வலிப்பு வர்றவங்க வீட்டில் இருந்தா அது மின்னுறதை அவங்க பார்க்கவே கூடாது. ஓட விட்டுட்டு நீங்களும் உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.

மல்லிகா_டெக்:
கொள்முதல் பிரிவில் பல வருடமாக மானிட்டர்களைப் பிரித்துச் சோதித்து வாங்கும் வேலை என்னுடையது. "அனுமதி யார் கொடுத்தது" என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் வாங்குகிறவர்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எனக்கு அதில் உண்மையாகவே கோபம் உண்டு.

தட்டைத் திரைகளுக்கென்று 2001இல் ஐஎஸ்ஓ 13406-2 என்ற தரநிர்ணயம் வந்தது. 2008இல் அதன் இடத்தை ஐஎஸ்ஓ 9241-300 வரிசை பிடித்தது. இவை குறைகளை மூன்று வகையாகப் பிரிக்கின்றன: முழுப் பிக்சலும் எப்போதும் எரிவது, முழுப் பிக்சலும் எப்போதும் இருள்வது, துணைப்பிக்சல் மட்டும் கெடுவது. திரைகளையும் வகுப்புகளாகப் பிரிக்கின்றன. நிறுவனங்கள் அதிகம் சுட்டிக்காட்டுவது இரண்டாம் வகுப்பை. அதில் பத்து லட்சம் பிக்சலுக்கு முதல் வகையில் 2, இரண்டாம் வகையில் 2, மூன்றாம் வகையில் 5 வரை இருக்கலாம். உங்கள் திரைக்கு அதைப் பெருக்கினால் ஏறத்தாழ 7, 7, 18. உங்களிடம் இருப்பது மூன்றாம் வகையில் ஒன்றே ஒன்று. சர்வீஸில் சொன்னது அந்தக் கணக்கின்படி பொய் இல்லை.

ஆனால் அந்தத் தரநிர்ணயம் எந்த நிறுவனத்தையும் அதற்கு மேல் நல்லபடி நடந்துகொள்ள வேண்டாம் என்று தடுக்கவில்லை. டெல் தன் அல்ட்ராஷார்ப் வரிசைக்கு வைத்திருக்கும் பிரீமியம் பேனல் எக்ஸ்சேஞ்ச், வாரண்டிக் காலத்தில் ஒரே ஒரு பிக்சல் அணையாமல் எரிந்தாலும் மாற்றித் தருவதாகச் சொல்கிறது. எரியும் புள்ளிக்குக் கறாராகவும் இருண்ட புள்ளிக்குத் தாராளமாகவும் இருக்கும் நிறுவனங்கள் உண்டு. அது நியாயமும்கூட, இருட்டில் எரியும் புள்ளிதான் கண்ணைப் பிடுங்கும். ஆகவே மானிட்டர் வாங்கும் முன் அந்த மாடலின் பிக்சல் கொள்கையைத் தேடிப் படியுங்கள். "ஜீரோ பிரைட் டாட்" என்று எழுதியிருந்தால் அதில் இருண்ட புள்ளி சேராது, "ஜீரோ டெட் பிக்சல்" என்றால் எத்தனை நாளுக்கு என்று பாருங்கள்.

இப்போது உங்கள் விஷயம். வாரண்டியை விடுங்கள். ரிட்டர்ன் கெடு வேறு, வாரண்டி வேறு. வாரண்டி தயாரிப்பாளருடையது, அங்கே வரம்புக் கணக்கு பேசுவார்கள். ரிட்டர்ன் விற்றவருடையது, அவருடைய விதியில் பிக்சல் எண்ணிக்கை எதுவும் எழுதவில்லை என்றால் அந்தக் கணக்கை அவர் உங்களிடம் பேச முடியாது. இன்னொன்று, வாரண்டியில் மாற்றித் தரும்போது பல நிறுவனங்கள் பழுது பார்த்த பழைய மானிட்டரை அனுப்பும். ரிட்டர்ன் கெடுவுக்குள் மாற்றினால் பெரும்பாலும் புதிதே வரும். கெடு முடிந்த மறுநாள் உங்கள் நிலை தலைகீழாகிவிடும், ஆகவே இன்றே எழுதுங்கள், தொலைபேசியில் பேசிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

இரவுக்குறி:
மிக்க நன்றி அக்கா. போட்டோ எடுத்தால் புள்ளி பெரிதாக ஒளிவட்டம் போட்டுத் தெரிகிறது. அதையே அனுப்பலாமா?

மல்லிகா_டெக்:
அப்படியே அனுப்பாதீர்கள், மிகைப்படுத்துகிறீர்கள் என்பார்கள். போனில் புள்ளியின் மேல் தொட்டு எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, குறையுங்கள். திரை முழுவதும் தெரிய ஒன்று, பக்கத்தில் அளவுகோல் வைத்து நெருக்கமாக ஒன்று. கறுப்பில் ஒரு முறை, சிவப்பில் ஒரு முறை. இடது ஓரத்திலிருந்தும் மேல் ஓரத்திலிருந்தும் எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதுங்கள். "கேபிள் இல்லாமலும் தெரிகிறது" என்ற ஒரு வரியைக் கட்டாயம் சேருங்கள், கணினியின் டிரைவர் மென்பொருளை மாற்றிப் பாருங்கள் என்று நாள் கடத்த முடியாது.

கோடைமழை:
நடுவில் ஒரு சந்தேகம். என் திரையில் இருப்பது கரும்புள்ளி. ஆனால் நேற்று இருந்த இடத்தில் இன்று இல்லை, சற்று மேலே இருக்கிறது. பிக்சல் இடம் மாறுமா?

திரைக்கண்:
மாறவே மாறாது. உங்களோடது பூச்சி. இலைப்பேன் மாதிரிச் சின்னப் பூச்சிகள் வெளிச்சத்துக்கு வந்து காற்றுத் துளை வழியா உள்ள புகுந்து, பேனலுக்கும் பின்னால இருக்கிற ஒளிப்படலத்துக்கும் நடுவில் ஊரும். தயவுசெய்து நசுக்கிடாதீங்க, நசுங்கினா அங்கேயே ஒட்டிக்கும், அப்புறம் நிரந்தரக் கரும்புள்ளிதான். மானிட்டரை அணைச்சிட்டு, அறையை இருட்டாக்கி, ஓரத்தில் ஒரு விளக்கை வையுங்க. வெளிச்சத்தைத் தேடி வெளிய வர வாய்ப்பு இருக்கு.

நகராத கரும்புள்ளின்னா லென்ஸ் வச்சுப் பாருங்க. கெட்ட பிக்சல் விளிம்பு கூரா, கட்டமாத் தெரியும். உள்ள இருக்கிற தூசி ஒழுங்கில்லாம, மங்கலா, ஒண்ணுக்கு மேற்பட்ட பிக்சலை மறைச்சுக்கிட்டுத் தெரியும். தலையைச் சாய்ச்சுப் பார்த்தா பிக்சல் வரிசைக்குப் பின்னால லேசா நகர்ற மாதிரியும் இருக்கும். புது மானிட்டரில் தூசி இருந்தா அதையும் ரிட்டர்னில் சொல்லலாம், பிக்சல் வரம்புக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை.

மேலிருந்து கீழ் வரை ஒரே கோடா வந்தாலும் அப்படித்தான். அது ஒரு பிக்சல் கெட்டது இல்லை, அந்த நெடுக்கு வரிசைக்குப் போற டிரைவர் சிப்போ இணைப்போ கெட்டது. அதை வரம்புக்குள்னு சொன்னா ஒத்துக்காதீங்க.

இரவுக்குறி:
எழுதி அனுப்பினேன், விற்றவர் மறுபேச்சு பேசாமல் மாற்றித் தந்துவிட்டார். புதிதாக வந்ததை ஐந்து நிறத்திலும் போட்டுப் பார்த்தேன். வலது ஓரத்தில், டாஸ்க்பாருக்குப் பக்கத்தில், சிவப்புத் திரையில் மட்டும் ஒரு கரும்புள்ளி. வெள்ளையில் உற்றுப் பார்த்தால் லேசான சயான். கறுப்பில் எதுவும் இல்லை. இதையும் மாற்றக் கேட்கலாமா?

மல்லிகா_டெக்:
கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. நானாக இருந்தால் வைத்துக்கொள்வேன். சிவப்புத் துணைப்பிக்சல் ஒன்று இருண்டிருக்கிறது, அதுவும் ஓரத்தில். நீங்கள் கறுப்புப் பின்னணியில் எழுதுகிறவர், அது உங்கள் கண்ணில் படாது. அடுத்து வருவது நடுவில் எரியும் புள்ளியோடு வரலாம். புகைப்படத்தில் நிறம் திருத்துவது உங்கள் தொழில் என்றால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன்.

இரவுக்குறி:
எழுத்து வேலை மட்டும்தான் அக்கா. வைத்துக்கொள்கிறேன்.

திரைக்கண்:
நல்லது தம்பி. பெட்டியையும் தெர்மாகோலையும் மட்டும் கெடு முடியுற வரை தூக்கிப் போடாதீங்க. கெடு முடியறதுக்கு முந்தின நாள் அந்த அஞ்சு நிறத்தையும் இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க, ஓடி ஓடிச் சூடான பிறகு தலைகாட்டுற புள்ளிகளும் உண்டு.