ஒரே பொட்டி, மூணு புரோட்டோகால்: நான் பட்ட பாடு

ஆபீஸ்ல தூசி புடிச்சுக் கெடந்த பழைய சர்வர்ல டெபியன் (லினக்ஸ்ல ஒரு வகை) போட்டு, நாலு டிஸ்க்க ரெய்டு 10ல (டேட்டாவ பிரிச்சு, நகலும் வச்சு எழுதுற முறை) கட்டி, எல்லாருக்கும் பொது ஸ்டோரேஜா ஆக்கிட்டேன். விண்டோஸ்காரங்களுக்கு சாம்பா, லினக்ஸ் ரெண்டர் மிஷினுங்களுக்கு என்எஃப்எஸ் (ரெண்டுமே நெட்வொர்க்ல ஃபோல்டர் ஷேர் பண்றது), வீடியோ எடிட்டருக்கு ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியா டிரைவ் குடுக்குறது). மொத நாள் காலர தூக்கிவிட்டுக்கிட்டேன்.

அப்புறம் ரெண்டாவது எடிட்டர் வந்தாரு, ஷேர் ஃபோல்டர் மாதிரிதானன்னு அவரோட ஐக்யூஎன்னையும் (ஐஸ்கஸில அவரு மிஷினோட பேரு) அதே லன்னோட (சர்வர் ஐஸ்கஸில குடுக்குற டிஸ்க்கு) ஏசிஎல்ல (அனுமதி லிஸ்ட்டு) சேத்துட்டேன். ரெண்டு மிஷின்லயும் டிரைவ் வந்துருச்சு, ஆனா இவரு போட்ட ஃபைல் அவருக்குத் தெரியல, ரீஸ்டார்ட் பண்ணாத்தான் தெரியுது... அங்கயே உஷாராகியிருக்கணும், விட்டுட்டேன். ரெண்டே நாள்ல பாதி ஃபோல்டர் தொறக்கல, செக்டிஸ்க் (விண்டோஸ்ல டிஸ்க்க சரிபாக்குற டூலு) ஓடவிட்டா ஃபவுண்ட்.000னு ஒரு ஃபோல்டர்ல பேரில்லாத துண்டுங்கள கொட்டி வச்சிருக்கு. ஐஸ்கஸி குடுக்குறது ஃபைல் இல்லீங்க, வெறும் டிஸ்க்கு. என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் டிஸ்க்ல ஃபைல அடுக்குற முறை) அந்த டிஸ்க்கு தனக்கு மட்டும்னு நம்பி கேஷ் (மெமரில நகல்) வச்சுக்கும், ரெண்டு பேரு எழுதினா கதை கந்தல். பேக்கப் இருந்துச்சோ பொழச்சேன், ஒரு நாள் வேல மட்டும் போச்சு.

———

அண்ணே, ஐஸ்கஸி பக்கமே நான் போகல, எனக்கு ஆப்பு வச்சது யூஐடி, அதான் ஒவ்வொரு யூசருக்கும் சிஸ்டம் குடுக்குற நம்பர். ஒரே ஃபோல்டர என்எஃப்எஸ், சாம்பா ரெண்டுலயும் விட்டிருந்தேன். சாதாரண என்எஃப்எஸ் யூசர் பேர பாக்காது, நம்பரத்தான் பாக்கும். உபுண்டுல மொத யூசர் 1000, மேக்ல 501. மேக்லேர்ந்து போட்ட ஃபைல சர்வர்ல எல்எஸ் (ஃபைல் லிஸ்ட்டு காட்டுற கமாண்டு) அடிச்சு பாத்தா ஓனர் எடத்துல மொட்டையா 501ன்னு நிக்குது, விண்டோஸ்காரரு அத எடிட் பண்ணி சேவ் குடுத்தா முடியாதுங்குது. கடைசில மேக்கையும் சாம்பாக்கே மாத்திட்டேன், ஆப்பிளே 2013ல மேவரிக்ஸ்லேர்ந்து எஸ்எம்பியத்தான் (சாம்பா பேசுற புரோட்டோகால்) மொதல்ல எடுக்குறான், நாம ஏன் முரண்டு புடிக்கணும். சாம்பால ஃபோர்ஸ் குரூப் (யாரு வந்தாலும் ஒரே குரூப்பா எடுத்துக்கறது), ஃபோல்டருக்கு 2770 (ஓனரும் குரூப்பும் மட்டும் எழுதலாம், புது ஃபைலும் அதே குரூப்ல விழும்), அதோட சண்ட ஓஞ்சுது.

———

எங்காளு ஒருத்தரு லினக்ஸ்லேர்ந்து "கட் 10:30" மாதிரி கோலன் வச்சே ஃபைலுக்குப் பேரு வைப்பாரு. விண்டோஸ்ல ஃபைல் பேருல கோலன் ஆகாது, அதனால அங்க அது டில்டா (~) போட்ட ஏதோ கிறுக்கலா வரும், க்ளையண்ட்டு முன்னாடி தேடு தேடுன்னு தேடிருக்கோம். அண்ணே, இப்ப அந்த லன்ன என்ன பண்ணீங்க?

———

ஆளுக்கொரு லன்னு தம்பி. பொதுவா வேணுங்கறது சாம்பால.