சாலைக்குழியில் விழுந்து ஏழு வாரம்: எலும்பு கூடிவிட்டது, வண்டியில் ஏறத்தான் முடியவில்லை

தனிச்சக்கரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏழு வாரங்களுக்கு முன், விடிந்தும் விடியாத நேரத்தில், வழக்கமாக ஓட்டும் தார்ச்சாலையிலேயே மிதிவண்டியிலிருந்து விழுந்துவிட்டேன். முந்தைய இரவு பெய்த மழையில் சாலையில் ஆங்காங்கே நீர் தேங்கிக் கிடந்தது. அவற்றுள் ஒன்றை வெறும் ஈரத்திட்டு என்று எண்ணி நேராக அதன்மேல் விட்டேன். அது ஏறக்குறைய ஒரு சாண் ஆழமுள்ள குழி என்பது முன்சக்கரம் உள்ளே இறங்கிய பிறகுதான் தெரிந்தது. சக்கரம் எதிர்விளிம்பில் மோதி நின்றுவிட, நான் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய், வலது உள்ளங்கையை ஊன்றி, அந்தக் கையும் மடங்கிப்போய், தோள்பட்டை தரையில் அறைய விழுந்தேன்.

வலது காறை எலும்பு நடுப்பகுதியில் முறிந்திருந்தது. முறிந்த முனைகள் அதிகம் விலகவில்லை என்பதால் அறுவை சிகிச்சை தேவையில்லை என்று சொல்லி, ஐந்து வாரம் கையை ஸ்லிங்கில் தொங்கவிட்டிருந்தார்கள். சென்ற வாரம் எடுத்த எக்ஸ்ரேயில், முறிவைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்து இரு முனைகளையும் இணைத்திருப்பதை மருத்துவர் காட்டினார்; இனி மெல்ல மெல்லப் பழைய வேலைகளுக்குத் திரும்பலாம் என்றார். அந்த ‘மெல்ல மெல்ல’வுக்குள் மிதிவண்டி அடங்குமா என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

வீட்டுக்குள் டிரெய்னரில் வண்டியைப் பொருத்தி அரை மணி நேரம் ஓட்டுகிறேன். மூச்சும் காலும் நன்றாகவே ஒத்துழைக்கின்றன. ஆனால் நேற்று வெளியே சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தபோது, மர நிழல் சாலையில் விழுந்திருந்ததைக் கண்டுகூட உடல் விறைத்து, இரண்டு பிரேக்கையும் ஒருசேரப் பிடித்து நின்றுவிட்டேன். இந்தப் பயம் தானாகப் போகுமா, அல்லது அதற்கும் ஏதாவது பயிற்சி உண்டா? சாலையில் முறையாக ஓட்ட இன்னும் எத்தனை வாரம் பொறுக்க வேண்டும்? வண்டியில் கோணிய ரிம்மை மட்டும் மாற்றியிருக்கிறேன். மற்ற பாகங்கள் பார்வைக்குச் சரியாகவே இருக்கின்றன.

இன்னொரு சிறு தொல்லையும் இருக்கிறது. ஹேண்டில்பாரை அழுத்திப் பிடித்தால் வலது கட்டைவிரலுக்கு அடியில், மணிக்கட்டை ஒட்டி வலிக்கிறது. விழுந்த அன்று எடுத்த எக்ஸ்ரேயில் மணிக்கட்டில் ஒன்றும் இல்லை என்றார்கள். சுளுக்குதானே என்று விட்டுவிட்டேன்.

நெடுவழி எழுதியது:

எனக்கும் காறை எலும்புதான், ஆனால் இடதுபுறம். முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டதால் தகடு வைத்துத் திருகாணி முடுக்கினார்கள். தகடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதல் இரண்டு வாரம் படுத்து உறங்க முடியாது. சாய்வாக உட்கார்ந்தபடி, முழங்கைக்கு அடியில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு இரவுகளைக் கழித்தது நினைவிருக்கிறது. அந்தக் கட்டத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள்.

என்னைக் கேட்டால், எலும்பைவிட அதிகம் படுத்தியது தோள்மூட்டின் இறுக்கம்தான். முன்னே குனிந்து, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, கிணற்றில் வாளி ஆடுவதுபோல் சிறு வட்டமாக ஆட்டும் பயிற்சியில் தொடங்கி, தலைக்குமேல் கையைத் தூக்க எனக்கு இரண்டு மாதமாயிற்று. சாலையில் ஓட்டத் தொடங்கியது மூன்றாம் மாதக் கடைசியில். அதற்குள் எலும்பு கூடியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கூடிய எலும்பு ஓட்டுவதற்குப் போதும், மறுபடி விழுவதற்குப் போதாது. கைப்பிடி வலுவுக்கு ரப்பர் பந்தை அழுத்திப் பழகுங்கள், அந்தக் கட்டைவிரல் வலியும் போய்விடும்.

பயத்தைப் பற்றி என் அனுபவம் இது. விழுந்த இடத்துக்கு ஒருநாள் நடந்தே போய், அந்தக் குழியின் ஓரத்தில் நின்று பார்த்தேன். மனத்தில் கிணறாக இருந்தது, நேரில் ஒரு வாளி அகலம்தான். பிறகு வாகனமே வராத ஓர் இடத்தில், சாக்குக்கட்டியால் தரையில் வட்டங்கள் வரைந்து, அவற்றைச் சுற்றி வளைந்து வளைந்து ஓட்டிப் பழகினேன். குழியைப் பார்த்தால் வண்டி குழிக்குத்தான் போகும். அதன் பக்கத்தில் உள்ள நல்ல தரையைப் பார்க்கக் கண்ணைப் பழக்குவதுதான் அந்தப் பயிற்சியின் சாரம். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

வண்டி விஷயத்தில் மட்டும் உங்களோடு உடன்பட மாட்டேன். ரிம் கோணும் அளவுக்கு அடி வாங்கிய வண்டியில், அந்த அடி முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் வழியாகத்தான் ஃப்ரேமுக்குப் போயிருக்கும். ஃபோர்க் கார்பனாக இருந்தால், மேலே வண்ணம் கலையாமல் உள்ளே இழைகள் பிரிந்திருக்கக்கூடும். அதைக் கழற்றி, ஃப்ரேமுக்குள் ஏறிப்போகும் அதன் ஸ்டீயரர் குழாயோடு சேர்த்து, விவரம் தெரிந்த ஒருவர் பார்த்தாக வேண்டும். அலுமினியமானால் கீழ்க்குழாய் முன்புறம் இணையும் இடத்தில் வண்ணம் சுருங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஹெல்மெட் தரையில் பட்டிருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கி உங்கள் தலையைக் காப்பாற்றுவதற்காகச் செய்யப்பட்டது, நசுங்கியது மீண்டு எழாது.

இயன்முறை எழுதியது:

நான் இயன்முறை மருத்துவம் பார்ப்பவன். நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் சொன்னதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நெடுவழி நண்பர் பொறுத்தருள வேண்டும். தயவுசெய்து அந்த ரப்பர் பந்தை இப்போது தொடாதீர்கள்.

வலது கையை முன்னே நீட்டி, லிஃப்ட் கேட்பவரைப்போல் கட்டைவிரலை மேலே விறைப்பாகத் தூக்குங்கள். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் பக்கவாட்டில், இரண்டு தசைநாண்கள் கயிறுபோல் எழும்பி, நடுவில் ஒரு சிறு பள்ளம் தெரியும். முற்காலத்தில் மூக்குப்பொடியை அதில் வைத்து உறிஞ்சியதால் மருத்துவ நூல்களில் அதற்கு மூக்குப்பொடிப் பள்ளம் என்றே பெயர். மறுகையின் விரல்நுனியால் அந்தப் பள்ளத்தை அழுத்துங்கள். அங்கே குத்தென்று வலித்தாலோ, கட்டைவிரலை அதன் நீளவாக்கில் மணிக்கட்டை நோக்கி அழுத்தும்போது வலித்தாலோ, அதைச் சுளுக்கு என்று வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை.

அந்தப் பள்ளத்துக்கு அடியில் இருப்பது ஸ்காஃபாய்டு என்னும் படகு வடிவ எலும்பு. மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிற்றெலும்புகளில் மிக அதிகமாக முறிவது இதுதான். முறியும் விதமும் நீங்கள் விழுந்த விதமேதான், அதாவது விரித்த உள்ளங்கையைத் தரையில் ஊன்றி விழுவது. இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, விழுந்த அன்று எடுக்கும் எக்ஸ்ரேயில் இந்த முறிவு பல நேரங்களில் தெரிவதே இல்லை. ஆகவே பள்ளத்தில் வலி இருந்தால், படம் சுத்தமாக இருந்தாலும் முறிவு என்றே கருதிக் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி படம் எடுப்பதோ, முடிந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பதோதான் வழக்கம். காறை எலும்பு முறிவு பெரிதாகக் கண்முன் நிற்கும்போது இந்தச் சிறு எலும்பு எல்லார் கண்ணிலிருந்தும் நழுவிவிடுகிறது. ஸ்லிங்கில் கை ஓய்ந்திருந்ததால் வலியும் உங்களுக்குப் பெரிதாகத் தெரிந்திருக்காது. இரண்டாவது, இந்த எலும்புக்குப் போகும் இரத்தத்தின் பெரும்பகுதி விரல்பக்க முனையில் நுழைந்து, முழங்கையை நோக்கிப் பின்னோக்கி ஓடுகிறது. நடுவில் முறிந்தால் பின்பாதிக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு, முறிவு கூடாமல் போகவோ, அந்தப் பகுதி உயிரற்றுப் போகவோ கூடும். நான்கு வாரத்துக்கு மேல் கவனிக்காமல் விட்டால் கூடாமல் போகும் வாய்ப்பு இன்னும் அதிகம். உங்களுக்கு ஏழு வாரம் ஆகிவிட்டது. அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் காட்டி, மணிக்கட்டை மட்டும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

தோளைப் பொறுத்தவரை, பெரியவர்களுக்குக் காறை எலும்பு கூட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். சாலைக்குத் திரும்ப நாள்காட்டியைப் பார்ப்பதைவிடக் கையைப் பார்ப்பது நல்லது. இரண்டு கைகளையும் ஒரே உயரத்துக்கு வலியின்றித் தூக்க முடிகிறதா, சுவரில் கையூன்றி உடல் எடையைத் தாங்கித் தள்ள முடிகிறதா, திடீரென்று பிரேக் பிடித்தால் உடல் முன்னே சரியாமல் கை தாங்குகிறதா, ஒரு கையை விட்டுச் சைகை காட்டும்போது மறுகை வண்டியை நேராக வைத்திருக்கிறதா என்று டிரெய்னரிலும் தரையிலுமாகச் சோதித்துப் பார்த்த பிறகே வெளியே போகலாம். புகைப்பழக்கம் இருந்தால் எலும்பு கூடும்வரையாவது நிறுத்துங்கள். அது எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். மணிக்கட்டுக்கு விடை தெரியும்வரை டிரெய்னரிலும் வலது கைக்கு எடை கொடுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுங்கள்.

நெடுவழி எழுதியது:

பந்து யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எனக்குச் சரியாக வந்தது எல்லாருக்கும் வரும் என்று எழுதிவிட்டேன்.

சல்லியும்தாரும் எழுதியது:

சாலைப் பராமரிப்பில் வேலை பார்த்தவன் என்ற முறையில், குழியின் தரப்பிலிருந்து சில வார்த்தைகள். குழி மேலிருந்து கீழே தோண்டப்படுவதில்லை, கீழிருந்துதான் உருவாகிறது. தார்ப்பரப்பில் விழும் விரிசல் வழியாக நீர் இறங்கி அடியிலுள்ள சல்லிப்படுகையை இளக்குகிறது. கனரக வண்டிகள் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த நீர் நுண்மண்ணைக் கரைத்துக்கொண்டு வெளியே பீய்ச்சுகிறது. தாங்குவதற்கு அடியில் ஒன்றும் இல்லாமல் போனதும் மேற்பரப்பு உடைந்து உட்காருகிறது. அதனால்தான் நேற்றுவரை நன்றாக இருந்த சாலையில் ஒரு மழை இரவுக்குப் பிறகு குழி முளைக்கிறது.

ஓட்டுபவர்களுக்குப் பயன்படும் ஓர் அடையாளம் உண்டு. வெறும் ஈரத்திட்டைச் சுற்றித் தரை சுத்தமாக இருக்கும். குழி நிறைந்து நிற்கும் நீரைச் சுற்றி, அதிலும் வாகனங்கள் போகும் திசையில், உதிர்ந்த பொடிச்சல்லி விசிறிபோல் சிதறியிருக்கும். நீரின் ஆழம் தெரியாது, ஆனால் கற்கள் காட்டிக்கொடுத்துவிடும். இருட்டில் ஓட்டுபவர்கள் விளக்கை ஹேண்டில்பாரில் பொருத்துவதே நல்லது; ஒளி தாழ்வாகப் போனால்தான் குழியின் விளிம்பு நிழல் விழுந்து தெரியும், ஹெல்மெட்டில் மட்டும் விளக்கு இருந்தால் பார்வையும் ஒளியும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் போவதால் அந்த நிழல் மறைந்துவிடும். தவிர்க்கவே முடியாத குழியானால், அதற்குள் இறங்கும் நொடியில் பிரேக்கை விட்டுவிடுங்கள்; பிடித்த சக்கரம் விளிம்பில் ஏறாது, முட்டித்தான் நிற்கும். இரண்டு பெடல்களையும் சமமட்டத்தில் நிறுத்தி, இருக்கையிலிருந்து சற்றே எழுந்து, முழங்கையை மடக்கி விட்டால் வண்டி உங்களுக்கு அடியில் துள்ளிக்கொண்டு தாண்டிப் போக வாய்ப்பிருக்கிறது. சாண் ஆழக் குழிக்கு அதுவும் உறுதியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் குழியைப் படம் எடுத்து வைத்திருக்கிறீர்களா? அளவுகோல் ஒன்றை நிறுத்தி ஆழமும் அகலமும் தெரியும்படி ஒரு படம், சுற்றுப்புறம் தெரியும்படி தொலைவிலிருந்து ஒரு படம் எடுத்து, சாலைக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு எழுத்துவடிவில் அனுப்பி, பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இழப்பீடு கேட்பவர்களிடம் பல நாடுகளிலும் எழுப்பப்படும் கேள்வி, அந்தக் குழி இருப்பது பொறுப்பாளர்களுக்கு முன்பே தெரிந்திருந்ததா, தெரிந்தும் சரிசெய்யப் போதிய அவகாசம் இருந்ததா என்பதுதான். நீங்கள் அனுப்பும் கடிதம் உங்களுக்குப் பயன்படாவிட்டாலும், அடுத்து அதே இடத்தில் விழுபவருக்குச் சான்றாக நிற்கும்.

தனிச்சக்கரம் எழுதியது:

பதினோரு நாள் கழித்து வருகிறேன். இடது கையால் தட்டச்சு செய்கிறேன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளவும்.

இயன்முறை அவர்கள் சொன்னபடி அன்றிரவே கட்டைவிரலைத் தூக்கி அந்தப் பள்ளத்தை அழுத்திப் பார்த்தேன், நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். மறுநாள் வேறொரு மருத்துவரைப் பார்த்தேன். எக்ஸ்ரேயில் இப்போது ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. சி.டி. ஸ்கேனில், ஸ்காஃபாய்டின் ‘இடுப்பு’ எனப்படும் குறுகலான நடுப்பகுதியில் முறிவு இருப்பதும், முனைகள் விலகாமல் இருப்பதும் உறுதியாயின. விலகாதது என் நல்லகாலம் என்றார். முன்கையில் தொடங்கி உள்ளங்கைவரை மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்து, கூடும் அறிகுறி இல்லையென்றால் திருகாணி வைப்பதைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார். டிரெய்னரில் கையை மடியில் வைத்துக்கொண்டு மிதிக்க அனுமதி உண்டு.

ஃபோர்க்கைக் கழற்றிப் பார்த்தாயிற்று, அதில் குறையில்லை. ஹெல்மெட்டின் உட்புறத் துணிமெத்தையை உரித்தபோதுதான், வலது நெற்றிக்கு நேராக நுரையில் நீளமான ஒரு விரிசல் ஓடுவது தெரிந்தது. தலை தரையில் பட்டதே எனக்கு நினைவில் இல்லை. அதே ஹெல்மெட்டோடுதான் அன்று வெளியே ஓட்டிப் பார்த்தேன்.

குழியைப் பார்க்க நேற்று நடந்தே போனேன். அதற்குள் மூடியிருந்தார்கள். ஓரங்களைச் சதுரமாக வெட்டாமல், ஈரத்தின் மேலேயே கலவையைக் கொட்டி அழுத்தியதுபோல் இருந்தது. சல்லியும்தாரும் அவர்கள் பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு லாரி அதன்மேல் ஏறிப் போனதும் நான்கைந்து கற்கள் தெறித்துச் சாலையோரத்துக்கு வந்தன. அளவுகோலை நிறுத்திப் படம் எடுத்து, தேதியோடு அனுப்பிவிட்டேன். பதிவு எண் வந்திருக்கிறது.