வீட்டில் குழந்தை இருக்கிறது: ஈயச் சால்டரை விட்டுவிட வேண்டுமா?

மின்மினி:
ஒரு வருடமாகச் சின்னச் சின்ன எலக்ட்ரானிக்ஸ் கிட் போர்டுகள் செய்து வருகிறேன். முதலில் 60/40 சால்டர்தான், அதாவது 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் கலந்த பற்றுக்கம்பி. நான்கு வயதுப் பையன் எப்போதும் மேசையைச் சுற்றியே இருக்கிறான் என்று போன மாதம் ஈயம் இல்லாததற்கு மாறினேன். சுருளில் வெள்ளீயம் 99.3, தாமிரம் 0.7 என்று போட்டிருக்கிறது. அன்றிலிருந்து தலைவலிதான். சால்டரிங் அயர்ன் 350 டிகிரியில் இருந்தும் கிரவுண்ட் கால்களில் (போர்டின் அகலமான தாமிரப் பரப்போடு சேரும் கால்கள்) சால்டர் ஒட்டாமல் உருண்டையாக நிற்கிறது. ஒட்டிய இடமும் பளபளப்பே இல்லாமல், மணல் தூவிய மாதிரி. பழையதற்கே திரும்பிவிடலாமா? அந்தப் புகை பையனுக்கு ஆகாதே என்றுதான் யோசிக்கிறேன்.

பழைய ரேடியோ:
புகையில் வருவது ஈயம் இல்லை. ஈயம் கொதிக்க 1749 டிகிரி வேண்டும், உங்கள் அயர்ன் எங்கே, அது எங்கே! புகைவது கம்பிக்குள் இருக்கும் ஃப்ளக்ஸ், சால்டர் நன்றாக ஒட்டுவதற்காகச் சேர்க்கும் பொருள். அதுவும் நல்லதல்ல, நாள்பட இழுத்தால் ஆஸ்துமா வரலாம். ஆனால் ஈயம் இல்லாத சால்டரிலும் ஃப்ளக்ஸ் உண்டு. புகைக்குப் பயந்து சால்டரை மாற்றிப் பயனில்லை. புகையை ஜன்னல் பக்கம் தள்ள ஒரு சின்ன ஃபேன் வையுங்கள்.

ஈயம் உள்ளே போவது கை வழியாக. இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது சால்டர் கம்பியைப் பல்லில் கடித்துக்கொள்வேன், பல வருடம் அப்படித்தான். இப்போது நினைத்தாலே கூசுகிறது. பெரியவர்கள் கை கழுவிக்கொள்வோம், சரி. அயர்னை உதறும்போது தெறிக்கும் குட்டி உருண்டைகள் தரையில் உருண்டு போகுமே, அவை யார் வாய்க்குப் போகும்? அதனால் உங்கள் வீட்டில் ஈயம் வேண்டாம் என்பேன்.

ஒட்டாததற்குக் காரணம் பெரும்பாலும் டிப், அதாவது அயர்னின் முனை. ஊசி முனை டிப்பா? அதைக் கழற்றி உளி மாதிரித் தட்டையானதைப் போடுங்கள். 60/40 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், உங்களுடையது 227 டிகிரியில்தான் உருகும். கிரவுண்ட் தாமிரம் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும்போது ஊசி முனையால் ஈடுகொடுக்க முடியாது. கொஞ்சம் ஃப்ளக்ஸ் தடவி, போர்டில் உள்ள தாமிரப் பேடையும் பாகத்தின் காலையும் சேர்த்துத் தொடுங்கள். மங்கலாக இருப்பது இந்த வகையின் சுபாவம், அதை வைத்து ஜாயின்ட் கெட்டது என்று சொல்ல முடியாது.

கம்பிச்சுருள்:
நான் இன்னும் 63/37தான். 183-இல் சட்டென்று உறையும், 60/40 போல நடுவில் கொழகொழவென்று நிற்காது. பழுது பார்க்க இதை மிஞ்ச எதுவும் இல்லை. 2006 ஜூலையில் ஐரோப்பாவில் வந்த தடை, விற்பனைக்கு வரும் பொருள்களில் உள்ள ஈயம் குப்பையோடு மண்ணுக்கும் தண்ணீருக்கும் போகக் கூடாது என்பதற்காக. நம் மேசையை நினைத்துப் போட்டதல்ல. ஆனால் நான்கு வயதுப் பையன் என்றதும் நானும் பழைய ரேடியோ பக்கம்தான்.

அப்புறம் ஒன்று. ‘ஈயம் இல்லாதது’ என்று பிஸ்மத் என்ற உலோகம் கலந்த சால்டரும் வருகிறது. அதை ஈயச் சால்டர் இருந்த போர்டில் போடாதீர்கள். வெள்ளீயம், ஈயம், பிஸ்மத் மூன்றும் கலந்தால் 100 டிகிரிக்குள்ளேயே உருகும் கலவை உண்டாகும். கொஞ்சம் சூடாகும் பாகம் என்றால் ஜாயின்ட் தானாகக் கழன்றுவிடும்.

மின்மினி:
ஊசி முனையேதான்! தட்டை டிப் போட்டேன், கிரவுண்ட் கால் மூன்று விநாடியில் நனைந்துவிட்டது. அப்புறம் மேசைக்கு அடியில் ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன். பதினொரு உருண்டைகள்.