புதுப்பிப்பு: கானாவில் திருமண வாக்குறுதி புதுப்பித்தல்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து புனித நாட்டுக்கு (இஸ்ரேல் பக்கம்) கிளம்புற தம்பதிகளுக்கு, கல்யாண வீட்டில் இயேசு தண்ணீரைத் திராட்சை இரசமாக்கிய கானா ஊர்க் கோயிலில் தங்கள் திருமண வாக்குறுதியை மறுபடி சொல்லிப் புதுப்பிக்க என்ன ஏற்பாடு வேணும்னு முன்னால எழுதியிருந்தேனுங்க. அதில் விட்டுப்போனதை இப்போ சேர்க்கிறேன்.

அங்கே நடப்பது நன்றிச் செபமும் ஆசீரும்தான். திருமணம் என்ற அருட்சாதனம் (திருச்சபையின் புனிதச் சடங்கு) மறுபடி நடப்பதில்லை. தருகிற சான்றிதழ் நினைவுக்கு மட்டும், பாஸ்போர்ட்டுக்கு ஆகாது. பதிவுத் திருமணம் மட்டும் செய்த கத்தோலிக்கர், கானா போய்வந்தால் அந்தத் திருமணம் திருச்சபையில் செல்லுபடியாகிடும்னு நம்பிப் போறாங்க. ஆகாதுங்க. பயணத்துக்குப் பல மாதம் முன்னாடியே சொந்தப் பங்குத்தந்தையைப் பாருங்க.

அங்கே திருப்பலி (பூசை) வைக்க, எருசலேமில் உள்ள பிரான்சிஸ்கன் துறவிகளின் திருப்பயணிகள் அலுவலகத்தில் முன்பதிவு வேணும். கானாவில் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பக்கத்திலேயே வேறு சபையான கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கோயிலும் இருக்கு, மாறிப் போயிடாதீங்க.

வாக்குறுதி சொல்லும்போது மறுபடி மாட்டிவிடுகிற மோதிரம்தான் பெரிய சிக்கல். விமானத்தில் உட்கார்ந்தே வந்து, வெயிலிலும் நடந்தால் விரல் வீங்கிடும். கோயிலில் வைத்து இழுத்தால் தோல் உரியும். அன்று காலையிலேயே சோப்பு நுரை தடவி, சுழற்றிச் சுழற்றிக் கழற்றி, ஊக்கில் கோர்த்து உள்பையில் குத்திக்கோங்க. தாலியைக் கழற்ற வேண்டாம், மறுபடி கட்டவும் வேண்டாம்.

வாக்குறுதி வாசகத்தைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்து, தம்பதிக்கு ஒரு தாள் கொடுங்க. எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது பெயர் வரும் இடத்தில்தான் குளறும். குருவானவர் அங்கே நிறுத்திச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

குழுவில் துணையை இழந்தவங்க இருந்தால் ஒதுக்கி உட்கார வைக்காதீங்க. முன்கூட்டியே கேட்டு, விருப்பப்பட்டால் மன்றாட்டுகளை அவங்க வாசிக்கட்டும்.