பெல் ஹவுசிங்கை நெம்பிப் பிரிக்கலாம்னு சொல்றவங்க இங்க வாங்க

ஸ்பானர்சித்தன்:
வேற இழையில ஒரு மேதை எழுதியிருக்கார்: "பழைய கார்ல இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பிரிக்கறது பெரிய வித்தை இல்ல. போல்ட்டக் கழட்டு, இடுக்குல ரெண்டு ஸ்க்ரூட்ரைவர விட்டு நெம்பு, வந்துடும்." வரும் சார், பெல் ஹவுசிங் (இன்ஜினோட சேர்ற, கியர்பாக்ஸ் முன்பக்க மணி வடிவக் கூடு) காதும், அதாவது போல்ட் மாட்டற நீட்டமும், சேர்ந்து கையோட வரும். பல வண்டியில அது அலுமினியம். முகப்புல ஒரு வெட்டு விழுந்தா திரும்ப மாட்டும்போது சமமா உட்காராது. இன்புட் ஷாஃப்ட் (கியர்பாக்ஸ்ல இருந்து முன்னால நீளற தண்டு) இன்ஜின்ல சுத்தற கிராங்க் தண்டோட நேர்கோட்டுல நிக்காது. அப்புறம் அந்த ஷாஃப்ட் நுனியத் தாங்கற பைலட் புஷ் தேயும், கியர் தானா நழுவும்.

கியர்மன்னன்:
அந்த மேதை அடியேன்தான். இன்ஜினையும் ஹவுசிங்கையும் நேரா நிறுத்தற டவல் பின் ரெண்டும் இரும்பு, ஹவுசிங் அலுமினியம். பல வருஷம் ஈரம் இறங்கி ரெண்டும் ஒண்ணா இறுகிடும். மந்திரம் சொன்னா வருமா? நெம்பத்தான் வேணும்.

ஸ்பானர்சித்தன்:
வராததுக்குப் பெரும்பாலும் காரணம் துரு இல்ல மன்னரே, கழட்டாம விட்ட ஒரு போல்ட். பல வண்டியில செல்ஃப் மோட்டார் போல்ட்டே ஹவுசிங்கையும் சேர்த்துப் பிடிக்கும். கீழ இன்ஸ்பெக்‌ஷன் தகட்டுல சின்ன போல்ட் இருக்கும். உச்சியில இருக்கறது கண்ணுக்கே தெரியாது. கியர்பாக்ஸ் பின்பக்கத்தத் தாங்கற கிராஸ் மெம்பரக் கழட்டி, ஜாக்கியில அந்த வால் பக்கத்தத் தாழ்த்தி, பின்னாலிருந்து நீள எக்ஸ்டென்ஷன், யுனிவர்சல் ஜாயிண்ட், சாக்கெட் விட்டாத்தான் எட்டும். அதுவும் பார்த்துத் தாழ்த்தணும். இன்ஜின் பின்னால சாய்ஞ்சா டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்ட்டப் பிரிச்சு அனுப்பறது) மூடி ஃபயர்வால்ல (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தகடு) இடிச்சு உடையும், முன்னால ஃபேன் ரேடியேட்டர்ப் பக்கம் உரசும். முதல்ல போல்ட்ட எண்ணுங்க.

ஆயில்கை:
ரெண்டையும் சேர்த்தே மேல தூக்கி, வெளிய வச்சுப் பிரிச்சா எந்தத் தொல்லையும் இல்லையே?

ஸ்பானர்சித்தன்:
கேள்வி அது இல்ல.

கியர்மன்னன்:
கேள்வி என்னன்னு முடிவு பண்றதும் இவர்தான். சரி, எல்லா போல்ட்டும் எடுத்தாச்சுன்னு வச்சுக்குவோம். இறுகின டவல் பின்னுக்கு என்ன பதில்?

ஸ்பானர்சித்தன்:
துரு இளக்கற எண்ணெய ராத்திரி முழுக்க ஊறவிடுங்க. எதிரெதிர் பக்கம் ரெண்டு போல்ட்ட முழுசா எடுக்காம நாலஞ்சு மரை மட்டும் தளர்த்தி வைங்க, பாக்ஸ் திடீர்னு விழாது. மர சுத்தியலால காதுகள மாத்தி மாத்தித் தட்டுங்க. அப்பவும் வரலன்னா டவல் பின் பக்கத்துல கெட்டி மர ஆப்பு: இந்தப் பக்கம் 1 மிமீ, அந்தப் பக்கம் 1 மிமீ. ஒரே பக்கமா இழுத்தா கோணி இன்னும் கெட்டியாப் பிடிச்சுக்கும்.

கியர்மன்னன்:
ஆக, ஆப்பு அடிக்கலாம், நெம்பக் கூடாது! ஆப்பசைத்த குரங்கு கதை படிச்சிருப்பீங்களே சித்தரே.

ஸ்பானர்சித்தன்:
மரம் அலுமினியத்த வெட்டாது. ஸ்க்ரூட்ரைவர் வெட்டும். இன்ஜினுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவுல மெல்லிய தகடு இருக்கற வண்டியில அதையும் மடக்கிடும். கிளட்ச் பிளேட்ட எந்தப் பக்கமாத் திருப்பி வைக்கணும்னு போன மாசம் இங்கேயே தலைகீழாச் சொல்லிக்கொடுத்தவருக்கு இது புரியும்னு நான் எதிர்பார்க்கல.

கியர்மன்னன்:
பழைய பகையத் தீர்த்துக்க இந்த இழையா? நான் அங்க சொன்னது வேற வண்டிக்கு.

கன்வெர்ட்டர்காரன்:
எல்லாரும் கிளட்ச் வண்டியவே பேசறீங்க. ஆட்டோமேட்டிக்னா ஃப்ளெக்ஸ் பிளேட்டோட (கிராங்கோட சுத்தற மெல்லிய தட்டு) கன்வெர்ட்டர (கிளட்ச்சுக்குப் பதிலா ஆயில் வழியா இயங்கறது) இணைக்கற போல்ட்டுகள முதல்ல எடுக்கணும். கிராங்கச் சுத்திச் சுத்தி ஒவ்வொண்ணா இன்ஸ்பெக்‌ஷன் ஓட்டைக்குக் கொண்டுவரணும். கன்வெர்ட்டர் பாக்ஸோடயே வெளிய வரணும். திரும்ப மாட்டறப்போ அது முழுசா உள்ள உட்காராம ஹவுசிங் போல்ட்ட முறுக்கினா ஆயில் பம்ப் காலி.

ஸ்பானர்சித்தன்:
ஆட்டோமேட்டிக்க யார் கேட்டா? நெம்பறதுக்கு வாங்க.

கன்வெர்ட்டர்காரன்:
வந்துட்டேன். சில ஹவுசிங்ல நெம்பறதுக்குன்னே ஓரத்துல பள்ளம் விட்டிருப்பாங்க.

கியர்மன்னன்:
கேட்டுச்சா சித்தரே?

ஸ்பானர்சித்தன்:
சில ஹவுசிங். நீங்க எழுதினது எல்லா வண்டிக்கும். அதோட நெம்பி டப்புனு விட்டா மொத்த பாரமும் இன்புட் ஷாஃப்ட்ல தொங்கும், கிளட்ச் பிளேட் நடுப்பகுதி வளையும். அப்புறம் பெடல எவ்வளவு மிதிச்சாலும் கிளட்ச் விடாது. ஷாஃப்ட் முழுசா வெளிய வர்ற வரைக்கும் ஜாக்கி உயரத்தச் சரிபண்ணிக்கிட்டே நேராப் பின்னால இழுக்கணும்.

ஆயில்கை:
கியர் ஆயில வடிக்கணும்னு யாருமே சொல்லல. பின் சக்கரத்துப் பக்கம் போற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்ட உருவினதும் வால் வழியாக் கொட்டுமே.

கியர்மன்னன்:
இவ்வளவு நேரம் பாடம் எடுத்தவர் அத விட்டுட்டார் பாருங்க!

ஸ்பானர்சித்தன்:
வடிக்கறதுக்கு முன்னாடி ஃபில்லர் பிளக் திறக்குதான்னு பாருங்க. அது இறுகியிருந்தா வடிச்ச பிறகு ஆயில் ஊத்த வழியில்ல. அதையும் ஸ்க்ரூட்ரைவரால நெம்புவீங்களோ?

கியர்மன்னன்:
ஃபில்லர் பிளக் எதுல வந்துச்சு இப்போ? பள்ளத்துக்கு பதில் சொல்லுங்க.