சிப்பியை வாளித் தண்ணீரில் போடச் சொன்னது யார்?

மீன்சந்தை:
நம் களத்தின் பயணப் பகுதியில் பயணப்பிரியன் எழுதியதைப் படித்தீர்களா? கோடை விடுமுறையில் பிரான்சின் பிரெத்தான் கரைக்குப் போய், கான்கால் என்ற ஊரில் வளர்ப்பவர்களிடமே நேராகச் சிப்பி வாங்கினாராம். நல்ல விஷயம். துறைமுகத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டு, ஓட்டைக் கீழே கரையில் எறிந்தாராம். எல்லாரும் செய்வதுதான். கடைசியில் ஒரு வரி வருகிறது பாருங்கள்: "மிச்சத்தைத் தங்குமிடத்தில் வாளித் தண்ணீரில் போட்டு வைத்தோம், மறுநாளும் அப்படியே ஃபிரெஷ்." அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு!

நான் பாரிஸ் பக்கம் சந்தையில் மீன்கடையில் நிற்கிறவன். நத்தார் காலத்தில் சிப்பி திறந்து திறந்து கையெல்லாம் தழும்பு. தயவுசெய்து சிப்பியை வாளித் தண்ணீரில் போடாதீர்கள். அது கடல் உப்பில் வாழ்கிற உயிர், குழாய்த் தண்ணீரில் செத்துப்போகும்.

பயணப்பிரியன்:
பெயரைச் சொல்லித் திட்டியதற்கு நன்றி ஐயா. செத்தது என்று உங்களுக்கு யார் சொன்னது? நாங்கள் குடும்பத்தோடு சாப்பிட்டோம், ஒருவருக்கும் வயிறு கலங்கவில்லை. சாப்பிட்டவன் சொல்வதை நம்புவதா, சாப்பிடாதவர் சொல்வதை நம்புவதா?

மீன்சந்தை:
உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, சந்தோஷம். கேள்வி அது இல்லை. கான்கால் இருக்கிற குடாவில் பெரிய வற்றுப் பெருக்கு வரும்போது கடல் 14 மீட்டர் வரை ஏறி இறங்கும். வற்றும்போது சிப்பிப் பைகள் கம்பி மேசையில் வெறும் காற்றில் கிடக்கும். அந்த நேரம் சிப்பி இறுக மூடிக்கொண்டு, உள்ளே பிடித்து வைத்த கடல் நீரில் காலம் தள்ளும். தண்ணீர் இல்லாமல் மூடிக் கிடக்க அதைப் பழக்கியே சந்தைக்கு அனுப்புகிறார்கள். அப்படிப்பட்டதைக் கொண்டு போய் வாளியில் போட்டால், வாயைத் திறந்து தன் நல்ல நீரை விட்டுவிட்டு உங்கள் வாளி அழுக்கை இழுக்கும். குழிவான பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வை, ஈரத்துணி போடு, குளிர்பெட்டியில் வை. முடிந்தது கதை.

நெய்தல்:
ஒரு சின்னக் கேள்வி. இரண்டு பேரும் "ஃபிரெஷ்" என்று எதைச் சொல்கிறீர்கள்? உயிரோடு இருப்பதையா, கெடாமல் இருப்பதையா, ருசி மாறாமல் இருப்பதையா? அதை முடிவு செய்யாமல் பேசினால் நாளைக்கும் பேசிக்கொண்டிருப்போம்.

பயணப்பிரியன்:
மீன்சந்தை, நான் குழாய்த் தண்ணீர் என்று எங்கே எழுதினேன்? "வாளித் தண்ணீர்" என்றுதான் எழுதினேன். அதில் கல்லுப்பு போட்டேன்.

மீன்சந்தை:
ஓ, இப்போது உப்பு வந்துவிட்டதா? நேற்று உப்பு இல்லை. நாளைக்கு வாளியில் அலையும் வரும் போல.

உப்புப் போட்டாலும் அது நின்ற தண்ணீர். ஓடாத தண்ணீரில் சிப்பிக்கு மூச்சுக்கு ஒன்றும் மிஞ்சாது. கோடை வெக்கையில் ஒன்று செத்தால் அந்தத் தண்ணீரை மற்றதெல்லாம் குடிக்கும். வாளியில் போடக்கூடாது.

தேம்ஸ்கரை:
வாளியை விடுங்கள். அவர் வாங்கியதே ஜூலையில்! ஆங்கிலத்தில் 'ஆர்' எழுத்து வராத மாதத்தில், அதாவது மே முதல் ஆகஸ்ட் வரை, சிப்பியைத் தொடக்கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே இங்கிலாந்தில் நாட்டுச் சிப்பிக்குக் கோடையில் பிடி தடையே உண்டு.

புதுவை மைந்தன்:
தம்பி, இங்கிலாந்துக்காரர் சிப்பியைப் பற்றிச் சொல்லி நாம் கேட்க வேண்டிய நிலை இன்னும் வரவில்லை. அந்தத் தடை அவர்கள் நாட்டுச் சிப்பியான தட்டைச் சிப்பி இனம் பெருகுவதற்கு. கான்காலில் எல்லாரும் வாங்குவது குழிச் சிப்பி. அது ஜப்பானிலிருந்து வந்த இனம். 1970 வாக்கில் இங்கே பிரான்சில் இருந்த போர்த்துக்கீசியச் சிப்பி நோயில் அழிந்த பிறகு இறக்கினார்கள். கோடையில் கருக்கொண்டு பால் மாதிரி ஆகிவிடும், எனக்குப் பிடிக்காது, ஆனால் விஷம் இல்லை. அதுவும் வேண்டாம் என்றால் மூன்று தொகுதிக் குரோமோசோம் உள்ள வகை இருக்கிறது. விதையில்லாத் திராட்சை மாதிரி அது கருக்கொள்ளாது, கோடையிலும் பால் கட்டாது. நாற்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், எனக்குப் பாடம் வேண்டாம்.

தேம்ஸ்கரை:
பாடம் எடுப்பது நீங்கள்தான் ஐயா. வெதுவெதுப்பான கடலில் விப்ரியோ கிருமி பெருகும் என்பது உங்கள் ஜப்பான் சிப்பிக்குப் பொருந்தாதா?

மீன்சந்தை:
பொருந்தும். ஆனால் குளிர்காலம் என்றால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் தருகிற நோரோ வைரஸ் குளிர்காலத்தில்தான் ஆடும். 2023 டிசம்பர் கடைசியில், புது வருடத்துக்கு ஆள் ஆளாகச் சிப்பி வாங்குகிற நேரத்தில், பிரான்சின் தென்மேற்கில் இருக்கிற ஆர்க்காஷோன் குடாச் சிப்பி விற்கவே தடை போட்டார்கள். டிசம்பரில் 'ஆர்' இருக்கிறதே, காப்பாற்றியதா? வளர்ப்புப் பகுதியை ஏ, பி என்று பிரிப்பது குடல் பாக்டீரியாவை எண்ணித்தான். வைரஸ் அந்தக் கணக்கில் மாட்டாமல் நழுவும். வாளியில் உப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது. திரும்பவும் சொல்கிறேன், வாளி...

பயணப்பிரியன்:
சரி, வாளியைப் பற்றியே பேசுவோம். நீங்கள் கும்பிடுகிற அந்த வளர்ப்பவர்களே சிப்பியைத் தொட்டித் தண்ணீரில்தானே வைத்திருக்கிறார்கள்? நான் கண்ணால் பார்த்தேன். அவர்கள் வைத்தால் அறிவியல், நான் வைத்தால் கொலையா?

நெய்தல்:
நல்ல கேள்வி, இதற்குப் பதில் வேண்டும். கூடவே என் முந்தைய கேள்விக்கும்.

மீன்சந்தை:
தொட்டியில் இருப்பது சுத்தம் செய்த கடல் நீர். காற்றூட்டி, ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் வாளியில் காற்றூட்டி இருந்ததா? தொட்டியிலிருந்து எடுத்து, கூடையில் அடுக்கி, சுகாதாரச் சீட்டு ஒட்டி வெளியே அனுப்பிய பிறகு, அதை மறுபடி தண்ணீரில் முக்கவோ தண்ணீர் தெளிக்கவோ கூடாது என்று ஐரோப்பியச் சட்டமே இருக்கிறது. சட்ட எண் 853/2004, போய்ப் பாருங்கள். கூடையைப் பிரித்துச் சில்லறையாக விற்கிற நாங்கள் அந்தச் சீட்டை 60 நாள் பத்திரப்படுத்த வேண்டும். யாருக்காவது வயிறு கெட்டால் எந்தக் கரையிலிருந்து வந்தது என்று தேடுவதற்கு. உங்களிடம் சீட்டு இருந்ததா? வாங்கும்போது பொதி கட்டிய தேதி பார்த்தீர்களா?

பயணப்பிரியன்:
அந்தச் சட்டம் விற்கிறவனுக்கு. வாங்கியவன் தன் வீட்டில் வாளியில் வைப்பான், குளியல் தொட்டியில் வைப்பான், போலீஸ் வருமா?

மீன்சந்தை:
போலீஸ் வராது. வயிற்றாலே போகும்.

தூத்துக்குடி உப்பு:
எங்கள் ஊரில் 1970களிலேயே மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் உண்ணும் சிப்பி வளர்க்க ஆரம்பித்தது. நம் கடலுக்கு என்று தனி இனமே இருக்கிறது, அறிவியல் பெயரிலேயே மெட்ராஸ் உண்டு. ஆவியில் வேகவைத்து, சதையை எடுத்து, மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தால் ஒரு தட்டு சோறு இறங்கும். இந்தப் பச்சையாக விழுங்குகிற வேலையை விட்டாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

புதுவை மைந்தன்:
வேகவைப்பதா? கான்கால் சிப்பியையா? ஐயோ.

தூத்துக்குடி உப்பு:
ஏன், வெந்ததைச் சாப்பிட்டால் பிரெஞ்சுக் குடியுரிமையைப் பிடுங்கிவிடுவார்களா அண்ணாச்சி?

புதுவை மைந்தன்:
இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை.

பயணப்பிரியன்:
எங்கள் அம்மா மட்டியை ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில்தான் போட்டு வைப்பார். மண்ணைக் கக்கிவிடும். பரம்பரையாகச் செய்வது. அவரும் தவறா?

மீன்சந்தை:
அம்மாவை இழுக்காதீர்கள். மட்டி மணலுக்குள் புதைந்து வாழ்கிறது, மண் இருக்கும், கக்க வைக்கிறோம், பிறகு கொதிக்க வைக்கிறோம். வளர்ப்புச் சிப்பி மேசையில் பைக்குள் வளர்கிறது. அதற்குள் கக்குவதற்கு மண் எங்கே இருக்கிறது? மட்டிக்கு வாளி சரி. சிப்பிக்கு வாளி இல்லை. எத்தனை தரம் சொல்வது?

இதே ஆள்தான் போன வருடம் நண்டுக் குழம்பு இழையில், யாழ்ப்பாணத்தார் நண்டுக்குத் தேங்காய்ப்பால் விடுவதே ருசி தெரியாததால் என்று எழுதினார். அது எனக்கு மறக்கவில்லை.

பயணப்பிரியன்:
ஆகா, இப்போதுதான் உண்மை வெளியே வந்தது! வாளி சாக்கு, நண்டுதான் காரணம்.

மீன்சந்தை:
நண்டு வேறு, வாளி வேறு. இரண்டிலும் நீங்கள் பிழை.

தேம்ஸ்கரை:
என் 'ஆர்' மாதக் கேள்வியை எல்லாரும் சேர்ந்து மூடிவிட்டீர்கள்.

நெய்தல்:
என் கேள்வியையும்தான்.

பயணப்பிரியன்:
நம்பர் 3 வாங்கினோம், நல்ல பெரிய அளவு. இவர் கடையில் விற்கிற விலையில் பாதிக்கு. எரிச்சல் எதற்கு என்று படிப்பவர்களுக்குப் புரியும்.

மீன்சந்தை:
நம்பர் 3 "பெரிய அளவா"? அண்ணை, சிப்பிக்கு எண் கூடக் கூட உருவம் குறையும். 3 என்றால் 66 முதல் 85 கிராம், நடு அளவு. 150க்கு மேல் போனால்தான் 0. கடைக்காரர் உங்களைப் பார்த்ததுமே எந்தத் தட்டிலிருந்து எடுப்பது என்று முடிவு செய்திருப்பார். விலை பாதியா? கான்காலிலிருந்து பாரிஸ் 400 கிலோமீட்டர். குளிர்வண்டிக்கு யார் காசு கொடுப்பது, உங்கள் வாளியா?

பயணப்பிரியன்:
நடு அளவோ பெரிய அளவோ, உயிரோடு இருந்தது. தட்டினால் மூடிக்கொண்டது.

மீன்சந்தை:
தட்டினால் மூடிக்கொண்டது என்றால் திறந்து கிடந்திருக்கிறது. நல்ல சிப்பி ஏன் திறந்து கிடக்கிறது? நீங்களே வாக்குமூலம் கொடுத்துவிட்டீர்கள்.

பயணப்பிரியன்:
தண்ணீரில் இருந்தால் திறந்து மூச்சு விடும் என்று நீங்கள்தானே மேலே எழுதினீர்கள்!

மீன்சந்தை:
அதனால்தான் தண்ணீரில் போடாதே என்றேன்!

தூத்துக்குடி உப்பு:
இன்றைக்கு யார் வீட்டிலும் சமையல் நடந்த மாதிரித் தெரியவில்லை.

பயணப்பிரியன்:
வருகிற ஆகஸ்டில் மறுபடி போகிறோம். இந்த முறை வாளியோடு படம் எடுத்துப் போடுகிறேன், மீன்சந்தை பெயரை வாளியில் எழுதி.

மீன்சந்தை:
எழுதுங்கள். பக்கத்தில் பொதி கட்டிய தேதிச் சீட்டையும் வைத்து எடுங்கள். ரசீதும் தெரிய வேண்டும். பாதி விலையாம்.